வராதவரைத் தேடும் ஏடு

அந்தியூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் அப்புச்சிக்கு இரத்தக்கொதிப்பு இருப்பதாக மருத்துவர் சொன்னார். ஒரு மாதம் மாத்திரை விழுங்கினார், தலைச்சுற்றல் நின்றது, மாத்திரையும் நின்றது. “நல்லாத்தான இருக்கறேன் கண்ணு, அப்பறம் எதுக்கு மாத்திரை?” என்றார். தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்த என்னிடம் அதற்கு விடை இல்லை. இரண்டு ஆண்டுகளில் பக்கவாதம் வந்தது. மருந்து எழுதிய மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றாடம் வந்து குவியும் கூட்டத்தில், வராமற்போன ஒருவரை அவர் எவ்வாறு அறிவார்?

உயர் இரத்த அழுத்தத்திற்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு வேண்டுமா, வழக்கமான புறநோயாளிப் பிரிவே போதுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அப்புச்சி நினைவுக்கு வருகிறார். இந்நோய்க்கு மருந்து அரிதன்று, விலையும் மிகுதியன்று. அழுத்தம் 140/90-ஐத் தாண்டி நிற்கும்போதும் பெரும்பாலும் வலி இருப்பதில்லை என்பதே சிக்கல். வலித்தால் நோயாளி மருத்துவரைத் தேடிப் போவார். வலிக்காத நோயில் மருத்துவம்தான் அவரைத் தேட வேண்டும். வழக்கமான பிரிவு வந்தவரைக் கவனிக்கிறது; தனிப் பிரிவின் பதிவேடு, ஒழுங்காக எழுதப்பட்டால், வராதவரையும் காட்டிக்கொடுக்கும். தனிப் பிரிவின் சிறப்பு அங்கிருக்கும் நிபுணரைவிட அந்த ஏட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தமிழகத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2007-இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிய முயற்சி, 2012 முதல் பிற மாவட்டங்களுக்கும் தொற்றா நோய்ப் பிரிவுகளாக விரிந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னும் ஓரடி முன்னே சென்றது. தன்னார்வலரான பெண் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார்.

உடலை நோய்வாரியாகக் கூறுபோட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை திறப்பதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பர்கூர் மலையிலிருந்து இறங்கி வருபவர் சர்க்கரைக்கு ஒரு நாள், அழுத்தத்துக்கு ஒரு நாள் எனக் கூலியை இழக்க இயலாது. ஆகவே அந்தப் பிரிவு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளேயே இருக்கட்டும்; எல்லாம் ஒரே நாளில் முடியட்டும். ஏடு மட்டும் தனியாக இருக்க வேண்டும். அதைப் பார்த்து ஆள் தேடிச் செல்ல ஒருவரும் வேண்டும்.

‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய குறள். அப்புச்சிக்கு முதல் மூன்றும் வாய்த்திருந்தன.