கிழிஞ்ச சட்டையா, டீச்சர்?

ரெய் கவாகுபோ வடிவமைத்த உடைகளைப் போனில் காட்டியபோது ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. பாரிஸ்காரர்களும் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார்கள்.

1981இல் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் ஜப்பானிலிருந்து பாரிஸ் போய்த் தங்கள் உடைகளைக் காட்டினார்கள். எல்லாம் கறுப்பு, தொளதொள. அடுத்த வருடம் கவாகுபோ ஓட்டை விழுந்த ஸ்வெட்டரையே மேடையேற்றினார். சிலர் ஹிரோஷிமாவின் பெயரைச் சொல்லிக் கிண்டலடித்தார்கள். அத்தனை பேர் செத்த ஊரை வைத்துப் பகிடி!

யமமோட்டோவின் தகப்பன் போரில் இறந்தவர். தாய் தையல் தைத்து மகனைச் சட்டம் படிக்க வைத்தார். மகனோ தாயின் தையலுக்கே திரும்பி வந்தார். உடம்பை இறுக்கிக் காட்டினால்தான் அழகு என்பதை இவர்கள் ஏற்கவில்லை. அபாயா போடும் எனக்கு இது சட்டென்று விளங்குகிறது.

இஸ்ஸே மியாகே ஏழு வயதில் ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பியவர். ஒரே துணியால் உடம்பை மூடுவது எப்படி என்று வாழ்நாளெல்லாம் யோசித்தார். நம் சேலையும் ஒரே துணிதானே? அவருடைய நிறுவனம் இந்தியக் கைவேலையை வைத்து 'ஹாட்' என்று ஒரு பிரிவே நடத்துகிறது. வட இந்தியாவில் ஊர்ச் சந்தைக்கு அந்தப் பெயர்.

வசதியுள்ளவன் காசு கொடுத்துக் கிழிசல் வாங்குகிறான், நம் பிள்ளை கிழிசலை ஊசி குத்தி மறைக்கிறது என்று கோபப்படுவீர்கள். நியாயம்தான். விலையைப் பார்த்தால் எனக்கும் அதே கோபம்.

ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு மலையிலிருந்து நேரே வரும் அம்மாவிடம், "படங்கைக் கழட்டிட்டு வாங்கம்மா" என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். மழைக்கும் பனிக்கும், இடுப்பில் கீறும் தேயிலைக் கிளைக்கும் நம் பெண்கள் தாங்களே கண்டுபிடித்துக் கட்டிய உடை அது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பாரிசில் ஒருவர் அப்படிக் கட்டி நடந்தால் கைதட்டுவார்கள்.

ஓ/எல் முடித்த நம் பிள்ளைகள் கார்மெண்ட்ஸுக்குப் போய், யாரோ வரைந்ததைத் தைக்கிறார்கள். அது கௌரவமான உழைப்பு. ஆனால் வரைகிறவர்களாகவும் அவர்கள் போகலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. இது தெரியாமலே எத்தனை நல்ல கைகள் இங்கே வீணாகின்றன! தயவுசெய்து, "சித்திரம் எடுத்து என்னத்தக் கிழிக்கப் போற?" என்று வீட்டில் கேட்காதீர்கள்.

ஏ/எல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி விவரம் வேண்டுமென்றால் இன்பொக்ஸ் வாருங்கள்.