வீட்டில் படிக்கிறவனுக்கு டீமில் இடம் உண்டா?

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாத கடுப்பில் இருக்கேன் மக்களே. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் தூரத்து விஷயம். அமெரிக்கா.

அங்கே பள்ளிக்கூடம் போகாமல் அப்பா அம்மாவிடம் வீட்டிலேயே பாடம் படிக்கிற பசங்க நிறைய. ஹோம்ஸ்கூலிங்னு பேரு. 50 மாநிலத்திலும் அதுக்குச் சட்டத்தில் தடை இல்லை. சண்டையே வேற இடத்தில். அந்தப் பையன் சாயங்காலம் பக்கத்து அரசுப் பள்ளி டீமில் ஆடலாமா? பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கலாமா? இதெல்லாம் அரசியல் சாசன உரிமை இல்லைன்னு கோர்ட்டுகள் பெரும்பாலும் சொல்லிட்டதால், அந்தந்த மாநிலச் சட்டம் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு.

ஃப்ளோரிடா 1996லேயே ஆடலாம்னு சட்டம் போட்டது. அதில் வளர்ந்து வந்தவர்தான் டிம் டீபோ. வீட்டில் படிச்சு, அரசுப் பள்ளிக்கு ஃபுட்பால் ஆடி (அவங்க ஃபுட்பால், கையில் தூக்கிட்டு ஓடுற வகை!), 2007ல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினார். பிடிச்ச டீமில் ஆடுறதுக்காக அம்மாவோட அடுத்த கவுண்டியில் அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கினதும் நடந்தது. அப்புறம் மத்த மாநிலங்களில் இப்படி எந்த மசோதா வந்தாலும் 'டீபோ மசோதா'ன்னே பேராகிப் போச்சு.

ஆதரிக்கிறவங்க முதலில் எடுத்துப் போடுறது வரிக் கணக்கு. நாங்களும் வரி கட்டுறோம், எங்க பிள்ளைக்கு ஏன் இடமில்லை? எனக்கு இது எடுபடலை. பிள்ளையே இல்லாதவரும்தான் வரி கட்டுறார். செலவு அதிகம்னு எதிர்க்கிறதும் சரியில்லை. கோச் சம்பளம், மைதானம் எல்லாம் ஃபிக்ஸட் காஸ்ட். ஒரு பையன் கூடினால் ஒரு ஜெர்சி, பஸ்ஸில் ஒரு சீட். எங்க காஸ்டிங் சார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஆனால் பேஸ்கட்பால் டீமில் பத்துப் பதினஞ்சு இடம்தான். ஒருத்தன் உள்ளே வந்தால், காலையிலிருந்து அதே பள்ளியில் உட்கார்ந்து படிச்ச இன்னொருத்தன் வெளியே. இந்தச் செலவு எந்த லெட்ஜரிலும் ஏறாது. எதிர்ப்பு வாதத்தில் என்னை உறுத்துற இடம் இதுதான்.

அடுத்தது மார்க். டெக்சாஸில் 1984லிருந்து ஃபெயிலானால் ஆட முடியாது. அங்கே 2021ல் வந்த சட்டப்படி வீட்டில் படிக்கிறவன் முதலில் ஒரு பொதுத் தேர்வு எழுதிக் காட்டணும். அதுக்கப்புறம் எல்லாப் பாடத்திலும் பாஸ்தான்னு பெற்றோர் அவ்வப்போது எழுதிக் கொடுக்கணும். எங்க அம்மா எனக்கு மார்க் போட்டிருந்தால் நான் யுனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டர்! வர்ஜீனியா கவர்னர் டெர்ரி மெக்காலிஃப் 2015, 2016, 2017ன்னு மூணு வருஷம் தொடர்ந்து டீபோ மசோதாவை வீட்டோ செய்ததுக்குச் சொன்ன காரணமும் இதுதான். பள்ளிப் பசங்களுக்கு இருக்கிற படிப்புத் தகுதி இவங்களுக்குக் கிடையாதுன்னார்.

அப்படியும் நான் உள்ளே விடணும்கிற கட்சிதான். சின்ன ஊரில் இருக்கிற ஒரே மைதானமும் ஒரே பேண்டும் பள்ளியோடதுதான். டிரம்பெட்டை வீட்டில் பழகலாம், நாற்பது பேரோடு சேர்ந்து வாசிக்கிறதை எங்கே பழகுறது? பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்னு முடிவெடுத்தது பெரும்பாலும் பெற்றோர். கேட்டைச் சாத்தினால் அடிபடுறது பையன். போன மாசம் வேற பள்ளியிலிருந்து மாறி வந்தவனும்தான் இன்னொருத்தன் இடத்தை எடுக்கிறான்.

ஜார்ஜியா 2021ல் போட்ட சட்டம் எனக்குப் பிடிச்சது. ஆடணும்னா உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம் மூலமா ஒரு பாடமாவது எடுத்துப் படிக்கணும். மார்க் விஷயத்தில் மட்டும் நான் கறார். அம்மா கையெழுத்து போதாது, ஒவ்வொரு செமஸ்டரும் வெளி ஆள் பேப்பர் திருத்தணும். மத்தபடி ட்ரையவுட்டில் எவன் நல்லா ஆடுறானோ அவன் ஆடட்டும்.

சரி, கணக்குக்குத் திரும்புறேன். 340 ரூபாய் இன்னும் உதைக்குது.