அக்கா தங்கம் என்று நினைத்தது துவக்காய்ப் போனது

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் முடிந்து, வெயிலுக்குள் சர்பத் குடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அக்காவின் மகன் அந்தக் கதையை எடுத்தான்.

"மாமா, நான் ஒரு கோல்ட் வாங்கப் போறன்."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபத்தொன்பது வயதுப் பொடியன், இன்னும் கலியாணம் ஆகவில்லை, இப்போதாவது நாலு பவுண் சேர்க்கிற எண்ணம் வந்ததே என்று நினைத்திருப்பா. அவன் சொன்னது தங்கம் இல்லை. சாமுவேல் கோல்ட் என்கிற அமெரிக்கர் செய்த ரிவோல்வர். 1860ஆம் ஆண்டு மொடல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை இடுப்பில் கட்டிக்கொண்டு போனது.

"துவக்கோ?" என்றா அக்கா. அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை காருக்குள் ஒருவரும் கதைக்கவில்லை.

அக்காவின் கோபம் எனக்கு விளங்கும். நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம். வன்னியில் பன்றிக்கு வெடி வைக்கிற இடியன் துவக்கை வீட்டு முகட்டில் செருகி வைத்திருந்த காலமும் எங்களுக்குத் தெரியும். அதே முகட்டை ஆமிக்காரன் வந்து பிரித்துப் பார்த்த காலமும் தெரியும். இங்கே பிறந்த பிள்ளை காசு கொடுத்து ஒரு துவக்கை வாங்கி வீட்டுக்குள் வைப்பான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது? நானும் முதல் ஒரு கிழமை அக்காவின் பக்கம்தான் நின்றேன். பிறகு அவன் சொன்னதை இருந்து கேட்டேன். இப்போது என் அபிப்பிராயம் வேறு. ஆனால் முழுக்க அவன் பக்கமும் இல்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பதில் தெரியும். இந்த நாட்டுக்கே அமெரிக்க மேற்கின்மீது ஒரு பழைய பைத்தியம் உண்டு. கார்ல் மே என்ற எழுத்தாளர் வின்னெட்டு என்ற அபாச்சித் தலைவனின் கதையை 1893இல் நாவலாகப் போட்டார். அவர் அமெரிக்க மண்ணை முதன்முதல் மிதித்தது 1908இல்தான்! பார்க்காத நாட்டைப் பற்றி அவர் எழுதியதை மூன்று நான்கு தலைமுறை ஜேர்மன் பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள். டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ராடெபொய்லில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அவருடைய துவக்குகளை இன்றைக்கும் பார்க்கலாம். எங்கள் பொடியனும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போய்வந்தவன்தான். அம்மா புட்டவிக்கிற நேரத்தில் தொலைக்காட்சியில் வின்னெட்டு படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு கோல்ட் மேல் ஆசை வந்தது அதிசயமில்லை.

எனக்குத் தெரியாத ஒரு விசயத்தையும் அவன் சொன்னான். சாமுவேல் கோல்ட் பதினாறு வயதில் கப்பல் பையனாக பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் போனவராம். அந்தக் கப்பலில்தான் சுழலும் உருளையின் யோசனை வந்ததாக அவரே சொல்லிக்கொண்டார். சுழல் உருளையுள்ள பழைய கொலியர் துப்பாக்கிகள் அப்போதே இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரிடம் இருந்தன, அதைப் பார்த்துத்தான் செய்தார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. 1836இல் அமெரிக்கக் காப்புரிமை எடுத்தார். 1847இல் சாமுவேல் வோக்கர் என்ற படை அதிகாரியின் யோசனைப்படி இரண்டு கிலோவுக்கு மேல் பாரமுள்ள ஒரு ரிவோல்வரைச் செய்து, அரசாங்கத்துக்கு ஆயிரம் விற்றார். அதே 1847இல்தான் இன்னொரு சாமுவேல், மசாசூசெட்ஸ்காரர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். இதைச் சொன்னபோது மருமகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்களுக்கு நல்ல சாமுவேல் வந்திருக்கிறார்" என்றான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். எங்கள் ஆட்கள் சறுக்கி விழக்கூடிய இடம் அதுதான்.

இணையத்தில் அமெரிக்கக் கடைகளைப் பார்த்தால் "அன்டீக், லைசன்ஸ் தேவையில்லை" என்று போட்டிருக்கும். அது அமெரிக்கச் சட்டம். 1898க்குள் செய்யப்பட்டது அவர்களுக்குப் பழம்பொருள். பிரான்சில் 1900க்கு முந்திய மொடல்களில் பெரும்பாலானவற்றைப் பதினெட்டு வயது நிரம்பியவர் அனுமதியில்லாமல் வாங்கலாம். ஜேர்மனியில் கோடு வேறு இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. 1871 ஜனவரி 1க்கு முன் உருவான மொடலாக இருக்கவேண்டும். அதோடு, தொப்பி வெடியால் சுடும் ரகமென்றால் ஒற்றைக் குழாயும் ஒற்றை வெடியும்தான் இருக்கலாம். ஆகவே அமெரிக்க இராணுவத்தின் 1842 மொடல் ஒற்றை வெடிக் கைத்துப்பாக்கியை நீங்கள் சும்மா வாங்கிச் சுவரில் மாட்டலாம். 1860 கோல்ட்டும் 1871க்கு முந்தியதுதான், ஆனால் ஆறு வெடி. அதற்கு வாஃபன்பெசிட்ஸ்கார்ட்டே என்ற ஆயுத உடைமை அட்டை வேண்டும். இத்தாலியில் இன்றைக்குச் செய்யும் நகல்களுக்கும் இதே கதைதான்.

பாரிஸ் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற எங்கள் பொடியள், அங்கே ஒரு சந்தையில் சட்டப்படி விற்கும் பழைய ரிவோல்வரை வாங்கிக் கார் டிக்கியில் போட்டு ஆகன் எல்லையால் வந்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் அது குற்றம். வழக்கு, தண்டம், சில வேளை சிறை. தொண்ணூறு நாள் சம்பளக் கணக்குக்கு மேல் தண்டம் விழுந்தால் ஜேர்மன் குடியுரிமை விண்ணப்பமும் சிக்கலில் மாட்டும். ஒரு பழைய இரும்புத் துண்டுக்காக இருபது வருசக் காத்திருப்பைப் பணயம் வைக்கலாமா? தெரிந்தவர்கள் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ.

மருமகன் இந்தப் பிழையை விடவில்லை. சேகரிப்பாளர்களுக்கென்று சிவப்பு அட்டை ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பிக்கிறவர் தன் சேகரிப்பு பண்பாட்டு வரலாற்று முக்கியத்துவம் உள்ளது என்று நிறுவவேண்டும். "எனக்குப் பிடிக்கும்" என்பது பதிலாகாது. தலைப்பு என்ன, எந்தக் காலம், எது சேரும், எது சேராது, ஏற்கெனவே என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அவன் "1847 முதல் 1917 வரை அமெரிக்க இராணுவ ரிவோல்வர்கள்" என்று தலைப்பெடுத்து எழுதியதை எனக்குக் காட்டினான். பரிசோதகர்களின் முத்திரை எழுத்துகளைப் பற்றி மட்டும் பல பக்கம். 1873 கோல்ட்டில் அரசாங்கம் வாங்கியவை சுமார் 37,000. அவற்றில் ஐந்சுவேர்த் என்ற பரிசோதகரின் ஓ டபிள்யூ ஏ எழுத்துகள் இருந்தால் விலை எங்கேயோ போகுமாம். அதனாலேயே கள்ள முத்திரை அடித்தவையும் நிறைய. இராணுவம் பிற்காலத்தில் பல ரிவோல்வர்களைக் கழற்றி, குழாயைக் குறுக்கி, பாகங்களை மாற்றிப் பூட்டியதால், ஒன்றிலேயே நாலு வேறு இலக்கங்கள் இருக்கும். அதைப் பார்த்துக் கள்ளச் சாமான் என்று நினைக்கக்கூடாது, அதுதான் அசலாம்.

ஆயுதம் கேட்பவனிடம் "ஏன்?" என்று கேட்கும் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்றும் தெரியும். இங்கே நம்பகத்தன்மையைப் பார்க்கிறார்கள், 2020 முதல் அரசியலமைப்புப் பாதுகாப்புத் துறையிடமும் விசாரிக்கிறார்கள். எங்கள் பெயரும் பிறந்த நாடும் அந்த மேசைக்குப் போகும்போது ஒரு கூச்சம் வரும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 2020 பெப்ரவரி 19 அன்று ஹனாவில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் சட்டப்படி அட்டை வைத்திருந்தவன். செத்தவர்கள் எங்களைப் போல வெளிநாட்டு வேரோடு இங்கே வாழ்ந்தவர்கள். ஆகவே விசாரணை கூடிப்போச்சு என்று நான் முறைப்பாடு சொல்லப்போவதில்லை. எல்லாரையும் ஒரே மாதிரி விசாரிக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

மருமகனோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. ஏலப் பட்டியல்களைக் காட்டினான். கஸ்டரின் ஏழாவது குதிரைப்படையோடு தொடர்பு இருக்கலாம் என்று இலக்கத்தை வைத்துச் சொல்லப்படும் கோல்ட்டுக்கு விலை பல மடங்கு. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹோர்னில் கஸ்டரும் அவரோடு இருநூறுக்கு மேற்பட்ட படையினரும் செத்த கதையால் வந்த விலை அது. அதே ஏழாவது படைதான் 1890 டிசம்பரில் வூண்டட் நீயில் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் சுட்டது. செத்தவர்கள் 150க்கும் 300க்கும் இடையில் என்று கணக்குகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தைப் பட்டியல் பெரிதாகச் சொல்லவில்லை. யார் கையில் இருந்தது என்பதற்கு விலை இருக்கிறது, யாரைப் பார்த்து நீட்டியது என்பதற்கு இல்லை. முள்ளிவாய்க்காலில் பொறுக்கிய ஏதோ ஒன்றை நாளைக்கு ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இலக்கம் பார்த்து விற்றால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து, தன் எழுத்தில் வூண்டட் நீக்கு ஒரு அத்தியாயம் சேர்த்திருப்பதாகச் செய்தி அனுப்பினான்.

அட்டை வந்துவிட்டது. கோல்ட்டும் வந்தது, கைப்பிடி மரம் ஒரு பக்கம் தேய்ந்தபடி. வெடிமருந்து கிடையாது, அதற்கு வேறு அனுமதி வேண்டும், அவன் கேட்கவுமில்லை. தரச்சான்றுள்ள இரும்புப் பெட்டி ஒன்றைப் படி வழியாகத் தூக்கி ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டது, அதில் நானும் ஒருத்தன், இடுப்பு இன்னும் நோகிறது. அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் வந்து பெட்டியைப் பார்க்கலாம். 2009இல் வின்னெண்டனில் ஒரு பதினேழு வயதுப் பொடியன் தகப்பன் படுக்கையறையில் பூட்டாமல் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துப் பதினைந்து பேரைக் கொன்ற பிறகு வந்த விதி அது.

அக்கா இப்போது பெட்டிக்கு முன்னால் நின்று, பூட்டு இலக்கம் என்ன என்று கேட்கிறா. "சொல்ல ஏலாதம்மா, உங்களிட்ட அட்டை இல்லை" என்கிறான் மகன். "அப்ப உனக்கு ஏதும் நடந்தால் நான் இதை என்ன செய்யிறது?" என்று அக்கா விடவில்லை. வாரிசுகள் ஒரு மாதத்துக்குள் அதிகாரியிடம் போகவேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி கேட்டேன்.