தோட்டத் தொழிலாளர் தரவு: யார் பார்க்கலாம், எவ்வளவு காலம்?

பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) வந்த நேரம், வெட்டிய செம்பனைக் குலைகளின் எண்ணிக்கை, பழுக்காத குலைக்காகப் பிடித்த தொகை, எந்தப் பிளாக்கில் எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்ற விவரம் எல்லாம் முன்பு தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் ஏட்டில் இருந்தன. தோட்ட அலுவலகத்து அலமாரியைத் தாண்டி அவை போனதில்லை. இப்போது மேற்பார்வையாளரான மண்டோரின் கைப்பேசியிலிருந்து நேரே மேகக் கணிமைக்குப் போகின்றன. அங்கே ஓர் இயந்திரக் கற்றல் தளம் அவற்றை மழையளவோடும் மரங்களின் வயதோடும் சேர்த்துப் பார்த்து, அடுத்த மாதம் எந்தப் பிளாக்கில் எவ்வளவு விளையும், எத்தனை ஆள் வேண்டும் என்று கணித்துச் சொல்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்களுக்காகப் பேசும் எங்கள் அமைப்பு இந்தக் கணிப்பை எதிர்க்கவில்லை. விளைச்சலை முன்கூட்டியே அறிவது தொழிலாளிக்கும் நல்லதுதான். எங்கள் கேள்வி அந்தத் தளத்துக்குள் நுழையும் அனுமதியைப் பற்றியது. எங்கள் நிலைப்பாடு இது: அனுமதி பதவியைப் பார்த்துத் தரப்படக் கூடாது, செய்யும் வேலையைப் பார்த்துத் தரப்பட வேண்டும். அதற்குக் காலக்கெடு இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு பதிவு என்று இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கும் அனுமதி, எல்லாருக்கும் முன்னதாகத் தொழிலாளிக்கே கிடைக்க வேண்டும்.

நகரத்து அலுவலகத்தில் ஊழியர் ஒருவரின் தரவு கசிந்தால் அவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வாடகை வீடு அவர் கையில் இருக்கும், பிள்ளைகளின் பள்ளியும் மாறாது. தோட்டத்தில் அப்படியில்லை. வேலை தருபவரே வீடும் தருகிறார். தண்ணீரும் மின்சாரமும் பெரும்பாலும் அவர் வழியாகவே வருகின்றன. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற அச்சத்தோடுதான் லிங்கியிலும் சிலியாவிலும் பகாவிலும் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய பெர்மிட்டே முதலாளியின் பெயரில் இருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்றாக அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கிறது. கடப்பிதழை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்கு இந்த நாட்டுத் தோட்டத்துறை பெரும் விலை கொடுத்துத்தான் பதில் கற்றது. இத்தகைய தளத்தில் பதிவாகும் ஒருவருடைய முகப்படமும் நடமாட்டமும் உழைப்பின் வேகமும் யார் கையில் இருக்கின்றன என்பதும் அதே தன்மையுள்ள கேள்வி என்றே நாங்கள் கருதுகிறோம்.

இது வெறும் அச்சம் என்று சொல்பவர்கள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நடந்து 2023-இல் வெளிவந்ததைப் பார்க்க வேண்டும். அதன் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள், படங்களை அடையாளம் காணும் மாதிரிகளைப் பிறரும் பயன்படுத்தட்டும் என்று கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் ஓர் இணைப்பைப் பகிர்ந்தார்கள். அந்த இணைப்புக்கு அந்தச் சில கோப்புகளை மட்டும் படிக்கும் அனுமதி போதும். தரப்பட்டதோ சேமிப்பகம் முழுவதையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் ஏற்ற அனுமதி. விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னபோது 38 டெராபைட் தரவு திறந்து கிடந்தது. ஊழியர் இருவருடைய கணினிகளின் நகல்களும், 30,000-க்கும் மேற்பட்ட உள் உரையாடல்களும் அதில் இருந்தன. அந்த அனுமதிக்கு 2051 வரை காலாவதியே இல்லை. யாரும் பூட்டை உடைக்கவில்லை, தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தேவைக்கு மேல் பரந்த ஓர் அனுமதி, தேவைக்கு மேல் நீண்ட காலம் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான் நடந்தது. உலகின் மிகப் பெரிய மேகக் கணிமை நிறுவனங்களில் ஒன்றின் ஆய்வாளர்களுக்கே இது நேர முடியுமானால், கோலாலம்பூரிலிருந்து மூன்றாம் தரப்பு ஒப்பந்தக்காரர் அமைத்துக் கொடுக்கும் தோட்டத் தளம் ஒன்றுக்கு நேராது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கண்காணிப்புக் கேமரா நிறுவனத்திலும் கதை இதுவே. எல்லா வாடிக்கையாளரின் கேமராக்களையும் ஒருசேரப் பார்க்கவல்ல ஒரு தலைமைக் கணக்கின் விவரம் வெளியே கிடந்தது. அதைக் கொண்டு மருத்துவமனை, சிறை, பள்ளி என்று ஏறத்தாழ 1,50,000 கேமராக்கள் வரை வெளியாட்கள் எட்டிப்பார்க்க முடிந்தது. எல்லாவற்றையும் பார்க்கும் கணக்கு ஒன்று இருந்ததே அங்கே முதல் தவறு. அது களவு போனது அதற்குப் பிறகுதான்.

இயந்திரக் கற்றல் தளத்துக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. சம்பளக் கணக்கு மென்பொருளில் யார் எந்தத் திரையைப் பார்க்கலாம் என்று கட்டிவைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கற்றல் தளத்தில் ஒரே தரவு பல வடிவங்களில் வாழ்கிறது. மூலத் தரவு ஓரிடத்தில் இருக்கும். ஆய்வாளர் சோதனைக்காக எடுத்த நகல் இன்னோரிடத்தில் இருக்கும். பயிற்சி பெற்ற மாதிரி மூன்றாவது இடத்திலும், அது நாள்தோறும் வெளியிடும் கணிப்பு நான்காவது இடத்திலும் இருக்கும். மூலத் தரவுக்கு மட்டும் பூட்டுப் போட்டு, நகலைத் திறந்து போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இதில் இன்னொன்றும் சேர்கிறது: பயிற்சி வேலையை இரவில் தானாக ஓட்டும் கணக்குகள். அவற்றுக்கு ஆள் கிடையாது, ஓய்வு பெறும் வயது கிடையாது. ஒருமுறை தந்த அனுமதியை யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே கவலை வேண்டாம் என்ற விளக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு டிவிஷனில் நாற்பது பேர் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுபவரின் எண் குலையின் காம்பிலேயே எழுதப்படுகிறது. பிளாக், நாள், குலை எண்ணிக்கை மூன்றும் தெரிந்தால் அது யார் என்று மண்டோருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே பெயரில்லாத தரவுக்கும் பெயருள்ள தரவுக்கு உள்ள அதே காவல் வேண்டும்.

நுழைபவர் யார் என்று உறுதிசெய்யும் முறையில் தோட்டத்துக்கு ஒரு பாடம் 2024 ஜனவரியில் கிடைத்தது. மலேசிய அரசு குடிமக்களின் விவரங்களைத் திரட்டும் பாடு தரவுத்தளம் ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கப்பட்டது. பிறருடைய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அவர் பெயரில் பதிவுசெய்ய இடமிருப்பதை முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் சில நாட்களிலேயே சுட்டிக்காட்டினார், அரசும் திருத்தங்களைச் செய்தது. தோட்ட அலுவலகத்தில் எல்லாருடைய அடையாள அட்டை எண்ணும் கடப்பிதழ் எண்ணும் ஒரே கோப்பில் இருக்கின்றன. அந்த எண்ணையே நுழைவுச் சாவியாக்கினால் அது சாவியே அல்ல. 2024-இல் ஸ்னோஃப்ளேக் என்ற மேகத் தரவு நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிறுவனங்களில் ஏறத்தாழ 165 தாக்குதலுக்கு இலக்காகியிருக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது. களவு போன கடவுச்சொல்லே அங்கே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் உள்ளே புகப்பட்ட கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. தோட்டத்தில் இதைவிட எளிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரே கைப்பேசியை மூன்று மண்டோர்கள் மாற்றி மாற்றி ஒரே கணக்கில் பயன்படுத்துவது. அங்கே பதிவு இருந்தும் பயனில்லை. குலைக் கணக்கில் தகராறு வரும்போது யார் திருத்தினார் என்று எவராலும் சொல்ல முடியாது, கடைசியில் நட்டம் வெட்டியவருக்கே.

சட்டம் எங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, 2025-இல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. முகம், கைரேகை போன்ற உயிரியல் அடையாளங்கள் இப்போது உணர்திறன் மிக்க தரவு என்ற வகைக்குள் வருகின்றன. கோட்பாடுகளை மீறுவதற்கான தண்டம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. 2025 ஜூன் முதல் தரவு மீறலை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் வேளாண்மையையும் தோட்டத்துறையையும் நாட்டின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்புத் துறைகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் 72 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டுமானால் யார் நுழைந்தார், எதை எடுத்தார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். நுழைவுப் பதிவு இல்லாத இடத்தில் இந்த விதி தாளோடு நின்றுவிடும். இன்னொரு குறையும் உண்டு. தரவு திரட்டுவது பற்றிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழோ வங்காளமோ நேப்பாளியோ மட்டும் படிக்கத் தெரிந்தவர் எதற்குக் கையெழுத்திடுகிறார் என்பதை அந்த அறிவிப்பு அவருக்குச் சொல்வதில்லை.

வேலை தாமதமாகும் என்பது நிர்வாகங்கள் சொல்லும் முதல் எதிர்வாதம். குலை மரத்தில் காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமையன்று கணிப்பு மாதிரி பிழையாக ஓடினால் பொறியாளர் உடனே உள்ளே போக வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் கடவுச்சொல் ஒரு துண்டுத்தாளில் எழுதப்பட்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் என்பதையும் நாங்கள் அறிவோம். அதனால்தான் பதவியை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்கிறோம். தெளிப்பு மருந்து ஸ்டோரைத் தோட்டம் எப்படி நடத்துகிறது? பூட்டு உண்டு, சாவிக்குப் பொறுப்பானவர் உண்டு, எடுத்த அளவை எழுதும் ஏடும் உண்டு. அதனால் தெளிப்பு வேலை எங்கும் நின்றுபோகவில்லை. அவசரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் செல்லும் அனுமதியைத் தரலாம். நேரம் முடிந்ததும் அது தானே அணைந்துவிடும், அந்த நேரத்தில் நடந்தது முழுவதும் பதிவாகும். பெரிய மேகத் தளங்கள் எல்லாவற்றிலும் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது.

செலவு அடுத்த வாதம். அமேசானின் மேகத் தளத்தில் அனுமதி நிர்வாகக் கருவிக்குத் தனிக் கட்டணமே கிடையாது. செலவாவது ஆட்களின் நேரம். யாருக்கு எது தேவை என்று உட்கார்ந்து எழுதுவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துவதும், வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுவதும் அந்த நேரத்தைக் கேட்கும். ஒரு கிராணியும் ஒரு தொழில்நுட்பப் பொறுப்பாளரும் செய்யக்கூடிய வேலை இது. தரவு நிறுவனத்தின் சொத்து என்ற வாதமும் எழுகிறது. மண்ணின் ஈரம், மரத்தின் வயது, ஆலையின் எண்ணெய் விகிதம் ஆகியவை நிறுவனத்துக்குரியவை. ஒரு மனிதரின் முகமும் அவர் நடந்த வழியும் அந்தக் கணக்கில் வாரா. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதிமுறைக்காக எல்லாத் தரவும் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். 2023-இல் நிறைவேறிய அந்த விதிமுறை முதன்மையாகக் கேட்பது நிலத்தின் இருப்பிடக் குறிப்புகளையும் சட்டப்படி விளைந்ததற்கான சான்றையும். வெட்டியவரின் முகப்படத்தை அது கேட்கவில்லை.

தொழிற்சங்கம் எல்லாவற்றையும் பார்க்கக் கேட்கிறதா என்ற ஐயமும் நிர்வாகங்களிடம் இருக்கிறது. இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறோம். தனி ஒருவருடைய பதிவைப் பார்க்கும் அனுமதி, அவருடைய எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் சங்கத்துக்கும் கூடாது, எங்களுக்கும் கூடாது. சங்கம் பார்க்க வேண்டியது வேறொன்று: எந்தப் பொறுப்புக்கு எந்த அனுமதி தரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலும், அந்த அனுமதி எப்போதெல்லாம் பயன்பட்டது என்ற பதிவின் சுருக்கமும். தொழிலாளிக்கோ தன் பதிவு முழுவதும் தெரிய வேண்டும். தன் குலைக் கணக்கு, தன் வருகை, தன்னைப் பற்றித் தளம் ஏதேனும் கணித்திருந்தால் அந்தக் கணிப்பு, அதை யார் பார்த்தார் என்ற விவரம் எல்லாம் அவர் படிக்கும் மொழியில் அவருடைய கைப்பேசியிலேயே கிடைக்க வேண்டும். கைப்பேசி இல்லாதவருக்குச் சம்பளச் சீட்டோடு அச்சிட்டுத் தர வேண்டும். தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையைச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கிறது. பதிவைப் பார்க்கவே முடியாதவரால் அதில் தவறு இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்?

தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பாவும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அடுத்து உட்காரும் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் தரவு அனுமதி பற்றிய பிரிவு ஒன்று இடம்பெற வேண்டும் என்று கோருகிறோம். சம்பளம், வீடு, விடுப்பு ஆகியவற்றோடு இதையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். அதுவரை, நெகிரி செம்பிலானில் இத்தகைய தளத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தோட்ட நிர்வாகமும் மூன்றை எழுத்தில் தர வேண்டும்: இன்றைய தேதியில் அனுமதி பெற்றவர்களின் பொறுப்புப் பட்டியல், ஒவ்வோர் அனுமதியும் முடியும் நாள், ஒப்பந்தக்காரர் விலகும்போது நகல்கள் அழிக்கப்பட்டதை உறுதிசெய்யும் முறை. பட்டியலைத் தரும் தோட்டங்களில் தமிழ் அறிவிப்பை எழுதித் தரவும், தொழிலாளர்களுக்குத் தங்கள் பதிவைப் படிக்கக் கற்றுத்தரவும் எங்கள் ஆட்களை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறோம்.