கறுப்பு வட்டத்தின் அறிவு யாருடையது?

மிருதங்கத்தின் வலந்தலை நடுவில ஒரு கறுப்பு வட்டம் இருக்குமல்லோ? கரணை என்பார்கள், சோறு என்றும் சொல்லுவினம். எங்களில் பலர் அதை ஏதோ அலங்காரம் என்றுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறம். உண்மையில் அந்த வாத்தியத்தின் சுருதியே அந்த வட்டத்தில்தான் தங்கியிருக்கு.

வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்றொனிகள் ஒன்றோடொன்று பொருந்தாது. அடிப்படை மீடிறனை 1 என்று வைத்தால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாகப் போகும். அதில் தெளிவான சுரம் கேட்காது. மிருதங்கத்திலோ, தந்தியில் வருவதுபோல, 1, 2, 3, 4, 5 என்று கிட்டத்தட்ட ஒழுங்காக வரும். சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் இதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பிறகு ராமன், தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்த இடம் அதிருது, எந்த இடம் அசையாமல் நிற்குது என்று காட்டினார். ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குகின்றன என்பதை 1934இல் விரிவாக வெளியிட்டார்.

நடுவில் பாரம் கூடிய ஒரு சவ்வு என்று வைத்துக்கொண்டு இதைக் கணிதத்தில் எழுதிவிடலாம். ஆனா கரணை வழுவழுப்பான ஒற்றைத் தட்டு இல்லை. சோற்றையும் ஒருவகைக் கரிய கல்லின் தூளையும் குழைத்து, மெல்லிய படையாகப் பூசி, கல்லால் தேய்த்து, அதன்மேல் இன்னொரு படை, பிறகு இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போகவேணும். தேய்க்கத் தேய்க்க அதில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அவை பழுது இல்லை. வெடிப்பு இல்லாவிட்டால் கரணை பலகை மாதிரி இறுகி, தோலை வளையவிடாது. தோலுக்குப் பாரம் வேணும், விறைப்பு வரக்கூடாது. துகள்களாலான அந்த மெல்லிய படை இரண்டையும் சரிக்கட்டுது.

இதை முதலில் கண்டுபிடித்தவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் செய்பவர்களின் பெயராவது தெரியுமா? அரங்கேற்ற அழைப்பிதழில் குருவின் பெயர் இருக்கும், வாசிப்பவரின் பெயர் இருக்கும், பிரதம விருந்தினரின் பட்டங்கள் வரிசையாக இருக்கும். மிருதங்கம் செய்தவர் எங்கே? மாட்டுத்தோலைத் தொடும் கைகளைச் சாதி எங்கே வைத்தது என்பது எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் தமிழ்நாட்டு மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி இதைத்தான் பேசுது.

“அது அனுபவம், விஞ்ஞானம் இல்லை” என்று சிலர் சொல்லுவினம். ஒரு படை பூசுறது, தட்டிக் கேட்கிறது, பிழையென்றால் சுரண்டி எடுத்துத் திருப்பிப் பூசுறது. இதற்குப் பரிசோதனை என்று பெயர் இல்லையென்றால் வேறு என்ன பெயர்? ஏன் சுரம் வருது என்பதைச் சமன்பாடு சொல்லும். இந்தத் தோலுக்கு எந்தப் படையோடு நிறுத்தவேணும் என்பதைச் செய்பவரின் காதுதான் சொல்லும். இரண்டுமே அறிவு.

ராமனை நாங்கள் குறைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போடச் சொல்லுறம். மிருதங்க ஒலியை அளக்கும் ஆய்வுகளில் அதைச் செய்தவரின் பெயரும் வரவேணும். பௌதிகவியல் வகுப்பில் அலைகள் படிப்பிக்கிற அன்றைக்கு ஒரு மிருதங்கத்தையும், முடிந்தால் அதைச் செய்தவரையும் கூப்பிடுங்கோ. அடுத்த அரங்கேற்ற அழைப்பிதழ் அச்சுக்குப் போகமுதல் ஒரு வரி கூடச் சேருங்கோ: மிருதங்கம் செய்தவர் இன்னார்.