முதியோர் வலிமையும் அதனை அளக்கும் மரக்காலும்

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் நெல்லளவு கூறுமிடத்து, 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்ததென அம் மரக்காலின் பெயரும் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். இத்தனை கலம் என்று மட்டும் எழுதுதல் போதாதென்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். நெல்லுக்கு அவர் காட்டிய கவனத்தைத் தளர்ந்த முதியோரின் உடல்வலிமையைக் குறிப்பதில் நாம் இன்னும் காட்டினோமில்லை.

இடுப்பெலும்பு முறிந்து மதுரை நகரில் மருத்துவம் பெற்ற மூதாட்டி ஒருத்தி, மேலூர்ப் பக்கத்துத் தன் சிற்றூருக்குத் திரும்புகின்றாள் என்று கொள்வோம். தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீடு தேடியே வருகின்றார். இது போற்றத்தக்கதே. ஆயின், நகரில் பயிற்சி அளித்தவர் 'ஓரளவு நடக்கிறார்' என்றெழுத, ஊரில் வந்து கண்டவர் 'பரவாயில்லை' என்றெழுதுவாராயின், மூன்று திங்களில் அவள் தேறினாளா, தளர்ந்தாளா என்பதை எவர் அறிவார்? தளர்ச்சி மெல்ல வருவது. பெரும்பாலும் விழுந்த பின்னரே வீட்டார் கண்ணுக்குப் புலப்படுவது.

அளவைகள் இல்லாமல் இல்லை. 1991-இல் வெளிவந்த ஒரு சோதனை மிக எளியது: கைப்பிடியுள்ள நாற்காலியினின்று எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர்தற்கு எத்தனை வினாடி ஆகின்றதென்று எண்ணுவதே அது. ஆயினும் ஒருவர் 'வழக்கம்போல் நடங்கள்' என்றும் மற்றொருவர் 'விரைந்து நடங்கள்' என்றும் பணித்தால், ஒருவர் தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியும் மற்றொருவர் உயர்ந்த மர நாற்காலியும் இட்டால், ஊன்றுகோல் இருந்ததா என்பதையும் எழுதாது விட்டால், கிடைக்கும் எண் பெயரில்லா மரக்காலால் அளந்த நெல்லே அன்றோ? நோயாளர் கூட்டத்திடையே இதற்கு நேரமேது என்பர் சிலர். ஓரிரு நிமிடத்துச் செயலுக்கு அத்தடை பெரிதன்று. முதியோர் ஒருவரைப்போல் ஒருவர் இலர் என்பதே வலிய தடை. ஆனால் நாம் அவளைப் பிறரோடு அளக்கச் சொல்லவில்லை. சென்ற திங்களில் இருந்த அவளோடேயே அளக்கச் சொல்லுகின்றோம்.

மற்றொன்றும் உண்டு. இவ்வளவைகள் நாற்காலியில் வாழும் நாடுகளில் தோன்றியவை. 1965-இல் வந்த பார்தெல் அளவை 100 எண் கொண்டது. படுக்கையினின்று நாற்காலிக்கு மாறுதற்கு அதில் 15 எண் உண்டு. தரையினின்று எழுதற்கோ ஓரெண்ணும் இல்லை. நம் மூதாட்டி தரையில் அமர்ந்து உண்பவள், பாயில் உறங்குபவள். முழு 100 பெற்றும் அவள் பாயை விட்டெழ மருமகளைக் கூப்பிடுபவளாக இருத்தல் கூடும்!

அதற்காக அவ்வளவையைக் கண்டபடி திருத்துதல் ஆகாது. திருத்திய அன்றே பிறவிடத்து அளவோடு ஒப்புநோக்கும் வழி அடைபட்டுப் போம். அதனை உள்ளவாறே வைத்து, அருகில் ஒரு வரி சேர்த்தல் வேண்டும்: தரையினின்று எழுந்தாளா, எத்தனை வினாடியில், சுவரைப் பற்றியா, ஆள் துணையோடா என்று. அவ்வேடு மருத்துவமனைப் பேழையில் உறங்காது அவள் கையிலேயே இருக்கட்டும். குடும்ப அட்டையோடு சேர்த்து அதனையும் பத்திரமாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.