விடியற்கால ஹிருதயமும் வீட்டு வைத்தியமும்

புதுக்கோட்டைச் சீமையின் கிழக்குப் புறத்தில், தென்னையும் பலாவும் வாழையும் செழித்து நிற்கும் கீரமங்கலத்தையும், அதனைச் சூழ்ந்த கொத்தமங்கலம், குளமங்கலம், சேந்தன்குடி, செரியலூர், பனங்குளம் முதலிய கிராமங்களையும் அறிந்தவர்களுக்கு, அவ்வூர்களில் மல்லிகையும் முல்லையும் மொக்கு அவிழுமுன் பறிக்கப்பட வேண்டிய நிர்ப்பந்தத்தால், ஆணும் பெண்ணும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் பூக்கொல்லைக்குப் புறப்படும் வழக்கத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பறித்த பூவைக் கமிஷன் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு தேநீரைப் பருகும்போதுதான் அவர்களில் பலருக்கு அன்றைய முதல் ஆகாரம் வயிற்றுக்குள் போகிறது. சரீரத்துக்குச் சோதனையான நாழிகை எதுவென்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறதோ, அதே நாழிகையில் தம் உழைப்பின் பெரும்பகுதியை முடித்துவிடும் ஜனங்கள் இவர்கள்.

ஆகையால், விடியற்காலையில் வரும் மாரடைப்பைப் பற்றியும் அதனைத் தடுக்கும் இயற்கை மருந்துகளைப் பற்றியும் கைபேசிகளில் இடையறாது சுற்றிக்கொண்டிருக்கும் செய்திகள், இத்தகைய ஊர்களில் மிகுந்த சிரத்தையோடு படிக்கப்படுவதில் வியப்பில்லை. இஞ்சிச்சாறு, பூண்டுச்சாறு, எலுமிச்சைச்சாறு, ஆப்பிள் காடி ஆகியவற்றைச் சமபாகமாகச் சேர்த்துக் காய்ச்சித் தேன் கலந்து உண்டால் ரத்தக்குழாயின் அடைப்பு கரைந்துபோகும் என்று ஒன்று கூறும். படுக்கையைவிட்டு எழுமுன் இத்தனை நிமிஷம் அசையாதிருந்தால் ஆபத்தில்லை என்று மற்றொன்று கூறும். அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் ஹிருதய விஷயத்தில் நல்லெண்ணம் மட்டும் காணாது.

விடியற்காலைக்கும் மாரடைப்புக்கும் உள்ள சம்பந்தம் கட்டுக்கதையன்று. 1985ஆம் ஆண்டில் ஜேம்ஸ் முல்லர் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், மாரடைப்பு தொடங்கிய நேரத்தை ரத்தப் பரிசோதனையின் வாயிலாகக் கணக்கிட்டு, அது காலை 9 மணியையொட்டி உச்சத்தை அடைகிறதென்றும், இரவு 11 மணியளவில் மிகக் குறைவாக இருக்கிறதென்றும் வெளியிட்டார்கள். பின்னர்ப் பல ஆய்வுகளையும் ஒருங்கே திரட்டிப் பார்த்தபோது, நாளின் மற்றப் பொழுதைக் காட்டிலும் காலை 6 மணி முதல் நண்பகல் வரையில் மாரடைப்பின் அபாயம் ஏறத்தாழ 40 சதவீதம் மிகுதி என்று தெரியவந்தது. காரணங்களும் விளங்காதவையல்ல. நித்திரையில் தாழ்ந்திருந்த ரத்த அழுத்தம், கண் விழிக்கும் தருணத்தில் கார்டிசால், அட்ரினலின் முதலிய சுரப்புகளின் எழுச்சியால் விரைந்து ஏறுகிறது. படுத்தவர் எழுந்து நின்றதும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பு மிகுகிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் உடலின் சுபாவமான ஆற்றலோ, அதே வேளையில் மிகவும் குன்றியிருக்கிறது. ஆயினும் இவற்றில் எதுவும் நோயன்று. எல்லோருக்கும் நாள்தோறும் நிகழ்வது. பல்லாண்டுகளாகக் கொழுப்புப் படிந்து புண்பட்ட குழாய் ஒன்று உள்ளே இருந்தால்தான் இந்தக் காலை எழுச்சி அதனைக் கிழித்துவிடுகிறது. அபாயத்தின் பெரும்பகுதி நாம் எழுந்த பின்னுள்ள சில மணி நேரத்தைப் பின்பற்றியே வருகிறது என்பதையும், கீரமங்கலத்துப் பூ பறிப்பவர் 3 மணிக்கே எழுகிறார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி மூலிகைகளுக்கு வருவோம். பூண்டு, ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் கொழுப்பைக் குறைக்கிறதா என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 192 பேரிடம் 6 மாத காலம் சோதித்து 2007இல் வெளியிட்ட முடிவு, பச்சைப் பூண்டானாலும் மாத்திரையில் அடைத்த பூண்டானாலும் கெட்ட கொழுப்பு குறையவில்லை என்பதே. செம்பருத்தித் தேநீரைப் பற்றிய நல்ல முடிவுகளோ, நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தியைப் பற்றியவையல்ல. அதற்குத் தாயாதியான, சிவந்த புல்லிவட்டமுடைய புளிச்சை இனத்தைப் பற்றியவை. மருதம்பட்டையை ஹிருதய ரோகத்துக்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். அதன்மீது நடந்த சோதனைகள் சிறியவை, நம்பிக்கை தருபவை, முடிவானவையல்ல. இவற்றை ஆகாரமாகக் கொள்வதில் பெரும்பாலோர்க்குக் கேடில்லை. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் பூண்டுச் சாற்றை மருந்தாக அளவின்றிப் பருகுவதில் மாத்திரம் கேடு உண்டு.

நாட்டு மருந்தைப் பரிகசிப்பது என் உத்தேசமன்று. பரிகசிக்கிறவர்கள் சர்ப்பகந்தியின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். பாரத தேசத்து வைத்தியர்கள் பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்த அந்த வேரில் ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் குணம் உண்டென்று, 1931இல் கல்கத்தாவில் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். அதே காலத்தில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் ரசாயன அறிஞர் அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, யுனானி வைத்தியரான ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அது ஹிருதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாகப் பின்னர் வழங்கியது. 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜல் வக்கீல், இந்த வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை இங்கிலாந்தின் ஹிருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட பிறகே மேல்நாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுக்க, உலகெங்கும் ரத்தக்கொதிப்பு வைத்தியத்தில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்கிற்று. ஆனால் அந்த அத்தியாயத்தின் பிற்பகுதியையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ரிசர்பினை அதிக அளவில் உண்ட சிலருக்கு மனம் சோர்ந்து வாழ்விலேயே வெறுப்புத் தட்டிற்று. அதனால் அளவைக் குறைத்தார்கள். வேறு நல்ல மருந்துகள் வந்ததும் அது பின்னுக்குப் போயிற்று. நம் மண்ணின் வேர் உலகத்துக்குப் பயன்பட்டதற்குக் காரணம் அது இயற்கையானது என்பதன்று. நிறுத்து அளந்து, கொடுத்துப் பார்த்து, தீங்கையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள் என்பதே.

இயற்கையானது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாதென்பதைப் பூக்காரர்களுக்கு அரளியே சொல்லும். சுவாமிக்கு மாலையாகும் அரளியிலும், வேலியோரத்துப் பொன்னரளியின் கொட்டையிலும், ஹிருதயத்தின் துடிப்பையே நிறுத்தவல்ல சத்து இருக்கிறது. அதே வகுப்பைச் சேர்ந்த சத்துள்ள ஓர் இலையை அளவறிந்து கொடுத்து இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் 1785இல் நூல் எழுதினார். அந்த இலையையுடைய டிஜிட்டாலிஸ் இனத்தின் சத்து இன்றும் மருந்தாக நிற்கிறது.

அப்படியானால் விடியற்காலை ஆபத்துக்கு இயற்கை மருந்தே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் புட்டியில் அடைத்து விற்கத்தக்கதன்று என்பேன். கடைத்தெருவில் முதல் தேநீரோடு பற்றவைக்கும் பீடியையும், வெற்றிலையோடு அடக்கும் புகையிலையையும் விடுவது முதல் மருந்து. ரத்தக்குழாய் இறுகி, நாடி விரைந்து, அழுத்தம் ஏறும் வேளையில் அவற்றை மேலும் ஏற்றுவது புகை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்று நம் இலையில் நாற்புறமும் சூழ்ந்திருக்கும் உப்பைக் குறைப்பது அடுத்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் ஏறக்குறைய அதன் இரு மடங்கை உண்கிறோம். இவ்வூரின் வாழைப்பழமும் இளநீரும் சிறுநீரகம் நன்றாயிருப்பவர்க்கு உப்பின் தீமையை ஓரளவு ஈடுகட்டும். சிறுநீரக நோயாளிக்கு அவையே தீங்காகலாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதிக்கக் கற்றுத் தேசத்தின் கவனத்தைக் கவர்ந்தார்கள்; அந்தச் சைக்கிளைவிடச் சிறந்த ஹிருதய மருந்தை எந்தச் செய்தியும் எனக்கு இதுவரை அனுப்பவில்லை. பூ பறிக்க 3 மணிக்கு எழுகிறவர் இரவு 11 மணி வரையில் தொலைக்காட்சி பார்ப்பது தற்கொலைக்குச் சமானம் என்று சொன்னால் கோபிப்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் காலையில் உண்பதா இரவில் உண்பதா என்ற சர்ச்சையும் இப்போது ஓய்ந்துவிட்டது. பிரிட்டனில் 21,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில் இரண்டுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. தவறாமல் உண்பதே முக்கியம்.

இத்தனைக்கும் மேலாக என்னைக் கவலைக்குள்ளாக்குவது, நெஞ்சுவலி வந்த பிறகு நம் வீடுகளில் கழியும் நேரம். வலித்தால் முதலில் வாயு என்போம், சோடா வாங்கிவரச் சொல்வோம், ஓமத்தைக் கொதிக்க வைப்போம், இஞ்சியைத் தட்டுவோம், முதுகை நீவிவிடுவோம். பலமுறை அது வாயுவாகவே இருந்துவிடுவதால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெருமை ஏற்பட்டுவிட்டது. அடைபட்ட குழாயின் அப்பாலுள்ள தசை நிமிஷத்துக்கு நிமிஷம் மடிந்துகொண்டிருக்கிறது என்பதும், நீரிழிவு உள்ளவருக்கு வலியே தோன்றாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மாத்திரம் காணலாம் என்பதும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்புக் குறியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றும் சேர்ந்த 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. இவற்றுள் ஆஸ்பிரின், வில்லோ என்னும் மேல்நாட்டு மரத்தின் பட்டையில் பழங்காலத்தார் கண்ட குணத்தின் வழிவந்ததே. மூலிகைப் பிரியர்கள் அதனை அன்னியமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அதனை வீட்டில் தாமாக உண்ணலாகாது; ரத்தக்கசிவு உண்டாக்கும் மருந்து அது. ஓமத்தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் 108க்குச் சொல்லிவிடலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டு முதல் ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அது மெச்சத்தக்க காரியம். ஆனால் பூக்கொல்லையில் உழைப்பவர் பகலில் கொல்லையில் இருப்பார், இல்லாவிடில் அயர்ந்து உறங்குவார். தொழிற்சாலைகளுக்குச் சென்று தொழிலாளரைச் சோதிக்கும் சுகாதாரத் துறை, தொழிற்சாலையின் சங்கொலி இல்லாத காரணத்தால் பூ பறிப்பவரைத் தொழிலாளர் அல்லர் என்று கருதிவிடக் கூடாது. கமிஷன் கடைகளில் தராசு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாரத்தில் ஒரு நாளாவது விடியற்காலையில் ஒரு செவிலியரும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் கொடுத்தால் போதும். மாவட்ட நிர்வாகமும் கீரமங்கலம் பேரூராட்சியும் இதனை இந்தப் பருவத்திலேயே செய்து கொடுக்கக் கோருகிறேன்.